துப்பாக்கிப் பெட்டகத்தின் சாவி காணோம்

நேயர்களுக்கு வணக்கம்.

தேர்தல் அறிவிப்பு வந்ததும், உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி மாவட்டந்தோறும் உத்தரவு வரும். வால்பாறையிலும் கூடலூரிலும் பன்றிக்குப் பயந்து துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிக்கும், ஊரில் இரட்டைக் குழல் வைத்திருக்கும் பண்ணை வீட்டுக்காரருக்கும் அன்றைக்குத்தான் பெட்டகத்தின் ஞாபகமே வரும். போய்ப் பார்த்தால் சாவி இருக்காது. கடைசியாகத் திறந்தது எப்போது என்று கேட்டால், உரிமம் புதுப்பித்தபோது என்பார்கள். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும் என்பதால், அந்த நாளை நினைவுபடுத்துவதே ஒரு வேலை.

உடனே ஆள் கூப்பிட்டு உடைக்கலாமா என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். திறப்பது இரண்டாவது வேலை. சாவி எங்கே போனது, யார் கையில் இருக்கலாம் என்பதுதான் முதல் வேலை. நகைப் பெட்டியின் சாவி தொலைந்தால் நட்டம் உங்களோடு போகும். துப்பாக்கிப் பெட்டியின் சாவி இன்னொருவர் கையில் இருந்தால், நாளை நடப்பதற்கு உரிமக்காரர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கடைசியாகத் திறந்த நாளைப் பிடியுங்கள். உரிமம் புதுப்பித்த நாள் என்று நினைத்திருப்பீர்கள். பல வீடுகளில் உண்மையில் அது ஆயுத பூஜையாக இருக்கும். துப்பாக்கியை எடுத்துத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்திருப்பீர்கள். சாவி பூஜைத் தட்டில் கிடந்திருக்கும். மறுநாள் விஜயதசமி முடிந்து கொலு பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கும்போது அதுவும் சேர்ந்து பரணுக்கு ஏறியிருக்கும். உரிமம் புதுப்பித்த நாள்தான் என்று உறுதியானால், அன்று கொண்டுபோன பையையும் உரிமப் புத்தகம் இருக்கும் உறையையும் உதறிப் பாருங்கள். வீட்டில் வேலை செய்து நின்றவர்கள், வீடு மாற்றியபோது வந்த ஆட்கள், இவர்களையும் யோசியுங்கள். பழி போட வேண்டாம், பட்டியல் மட்டும் போடுங்கள்.

ஒரு முழுநாள் தேடியும் கிடைக்கவில்லை என்றால், காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உரிம எண், துப்பாக்கியின் எண், பெட்டகம் இருக்கும் முகவரி, கடைசியாகத் திறந்த நாள், சாவி இல்லை என்று தெரிந்த நாள், திறக்க என்ன ஏற்பாடு செய்கிறீர்கள் என்ற விவரம், இவ்வளவு போதும். இரண்டு படி எடுத்து ஒன்றில் நிலைய முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். திருட்டு என்று சந்தேகம் இருந்தால் புகாராகவே கொடுத்து, புகார் பெற்றதற்கு நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்குங்கள். ஒப்படைக்கும் கெடு முடிந்த பிறகு போய்ச் சாவி தொலைந்தது என்று சொன்னால் அது சாக்காகத்தான் கேட்கும்.

இனிப் பெட்டகத்துக்கு வருவோம். எண் அழுத்தும் கீபேட் வகை என்றால், சாவி தொலைந்ததே பிரச்சினை இல்லாமல் போகலாம். பெரும்பாலும் செத்திருப்பது பேட்டரிதான். சாதாரணமாக நான்கு பென்சில் செல்கள், ஒவ்வொன்றும் 1.5 வோல்ட், மொத்தம் 6 வோல்ட். விளக்கு எரியும், பீப் சத்தமும் வரும், ஆனால் தாழ்ப்பாளை இழுக்கும் அளவுக்கு மின்னோட்டம் இருக்காது. அல்கலைன் செல் நான்கையும் ஒரே நேரத்தில் புதிதாகப் போடுங்கள். பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். ரீசார்ஜ் செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான். நான்கு சேர்ந்தாலும் 4.8, பல பெட்டகங்களுக்கு அது போதாது.

மலிவான பெட்டகங்களில் பேட்டரி அறையே கதவின் உட்பக்கம் இருக்கும். அதற்காக வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க ஒரு சின்னப் பேட்டரிப் பெட்டியும், அவசரத்துக்கு ஒரு சாவியும் கூடவே தருவார்கள். வாங்கிய அன்றே அந்தச் சாவி, பேட்டரிப் பெட்டி, கையேடு மூன்றையும் பத்திரமாக இருக்கட்டும் என்று பெட்டகத்துக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடுகிறோம். இந்த ஒரு தவறுதான் சாவி செய்பவர்களுக்குப் பாதி வருமானம் என்று சொல்லத் தோன்றுகிறது. எண்ணைப் பலமுறை தப்பாக அழுத்தினால் கீபேட் சில நிமிடம் வேலை செய்யாது. காத்திருந்து ஒருமுறை நிதானமாக அழுத்துங்கள். எண் சரியாக இருந்தும் கைப்பிடி திரும்பவில்லை என்றால், உள்ளே சாய்ந்து நிற்கும் துப்பாக்கியின் கட்டை கதவை வெளியே தள்ளிக்கொண்டிருக்கலாம். கதவை முழங்காலால் உள்ளே அழுத்திக்கொண்டே கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள்.

சாவி மட்டுமே உள்ள வகை என்றால், வீட்டில் கிடக்கும் சாவிக் கொத்தை எல்லாம் போட்டுத் திருகாதீர்கள். உள்ளே இருக்கும் லீவர் தகடுகள் வளையும், பித்தளைச் சாவி நுனி உடைந்து துளையிலேயே நிற்கும். பிறகு சரியான சாவி கிடைத்தாலும் பயனில்லை. பெட்டகத்தின் வரிசை எண்ணைத் தேடுங்கள். கதவின் ஓரத்திலோ பின்பக்கத்திலோ இருக்கும். சுவரோடு போல்ட் போட்டிருந்தால் பின்பக்கம் தெரியாது. பில்லையும் உத்தரவாத அட்டையையும் பாருங்கள். சாவியோடு வந்த தகரத் தகட்டில் சாவி எண் இருந்தால் இன்னும் நல்லது. எண், பில், அடையாள அட்டை, உரிமத்தின் நகல், கையெழுத்திட்ட கடிதம் இவற்றோடு தயாரிப்பாளரின் சேவை மையத்தை அணுகுங்கள். ஒரே நாளில் நடக்காது. கெடு நெருங்கினால் காவல் நிலையத்தில் கொடுத்த கடிதம் கைகொடுக்கும்.

உள்ளூரில் சாவி செய்பவரை அழைப்பதானால், கடையும் முகவரியும் உள்ளவரை அழையுங்கள். திண்டுக்கல் பக்கம் கைப்பழக்கம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அந்த ஊர்ப் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. வெற்றுச் சாவியை உள்ளே விட்டு, பட்ட தடத்தைப் பார்த்து அரம் போட்டுப் புதுச் சாவி செய்துவிடுவார்கள். பெட்டியில் என்ன இருக்கிறது என்று போனிலேயே சொல்ல வேண்டியதில்லை. உரிமக்காரர் கடைசிவரை பக்கத்தில் இருக்க வேண்டும். பூட்டு திரும்பியதும் சாவி செய்பவரைத் தள்ளி நிற்கச் சொல்லி, கதவை நீங்கள் திறங்கள். சாவியே இல்லாமல் திறக்கும் உத்திகள் சிலவற்றைக் கைபேசியில் பார்த்திருப்பீர்கள்; வானொலியில் அதைப் பேசுவதாக இல்லை.

கிரைண்டரும் கேஸ் கட்டரும் இந்தப் பெட்டியின் பக்கம் வரவே கூடாது. பயிர்ப் பாதுகாப்புக்கு, குழலின் வாய் வழியாகக் கரிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி வைத்திருப்பவர் உள்ளே கரிமருந்தும் அதைப் பற்றவைக்கும் கேப்பும் வைத்திருப்பார். கரிமருந்துக்கு ஒரு பொறி போதும். தோட்டா மட்டுமே இருந்தாலும் கேஸ் கட்டரின் சூடு அதை வெடிக்க வைக்கும். சம்மட்டியும் உதவாது. தரமான பெட்டகத்தில் பூட்டை அடித்தாலோ கண்டபடி துளைத்தாலோ, உள்ளே ஸ்பிரிங் வைத்த இன்னொரு தாழ் தானாகப் பாய்ந்து கதவை மறுபடி பூட்டிவிடும். அதற்குப் பிறகு சரியான சாவி கொண்டுவந்தாலும் திறக்காது. ஒரு நாள் வேலை ஒரு வார வேலையாகிவிடும். துளைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அந்தப் பெட்டகத்தின் உள் அமைப்பு தெரிந்த தயாரிப்பாளரின் ஆள் செய்யட்டும். அவர் ஒரு சிறு துளையோடு முடித்து, அதைக் கெட்டி எஃகு வைத்து அடைத்தும் தருவார்.

திறந்தவுடன் துப்பாக்கியின் எண்ணை உரிமத்தோடு ஒத்துப் பாருங்கள், தோட்டாக்களை எண்ணுங்கள். குறைந்தால் அன்றே புகார். பூட்டு சரியாகும்வரை துப்பாக்கியைக் கட்டிலுக்கு அடியில் வைக்காதீர்கள். உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ காவல் நிலையத்திலோ கொடுத்து ரசீது வாங்குங்கள்.

தொலைந்த சாவிக்கு நகல் செய்தால் மட்டும் போதாது. பழைய சாவி எங்கோ இருக்கிறது, அது இன்னமும் திறக்கும். பூட்டையே மாற்றுங்கள், அல்லது லீவர்களை மாற்றி அடுக்கச் சொல்லுங்கள். இரண்டாவது சாவியை உறையில் போட்டு ஒட்டி, உங்கள் பெயரில் மட்டும் இருக்கும் வங்கி லாக்கரில் வையுங்கள். மைத்துனரிடமோ பக்கத்து வீட்டிலோ கொடுத்தால், உரிமம் இல்லாதவரிடம் துப்பாக்கியையே கொடுத்தது போல ஆகும்.

புதுப் பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் துளைக்குள் மெழுகாக நிற்கும், தூசியையும் சேர்க்கும். கிராஃபைட் தூள் ஒரு சிட்டிகை போதும். இரண்டு சாவியையும் தனித்தனியே, கதவு திறந்திருக்கும்போதே பத்துமுறை பூட்டித் திறந்து பாருங்கள். ஒருமுறை சிக்கினாலும் கதவைச் சாத்தாமல் பூட்டு போட்டவரையே திரும்பக் கூப்பிடுங்கள்.

வணக்கம்.