ஆடுகிற மாடும் அலுவலகப் பயிற்சியும்

(கும்பகோணத்தில் கூட்டுறவு ஊழியர் படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கணக்கைக் கசப்பில்லாமல் புகட்டி இவ்வூரில் பலரை ஆளாக்கிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, அறுவடை நெருக்கடியிலும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் கொள்முதல் நிலையப் பட்டியல் எழுத்தர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தாருங்கள் என்று விழாக் குழுவினரிடம் சென்ற முறையே கேட்டிருந்தேன். இம்முறை இரண்டையும் தந்துவிட்டார்கள். அவர்களுக்கு என் நன்றி.

பணியிடப் பயிற்சியிலும் இணையவழிக் கல்வியிலும் விளையாட்டுக்கு உள்ள இடம் எது என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. ஆட்டம் எப்படிக் கற்பிக்கிறது, புள்ளியும் பதக்கமும் என்ன செய்கின்றன, இதற்கெல்லாம் செலவு யாருடையது என்று மூன்று பகுதிகளாகப் பேச எண்ணியிருக்கிறேன். ‘ஆடுகிற மாட்டை ஆடிக் கற, பாடுகிற மாட்டைப் பாடிக் கற’ என்பது நம் பெரியவர்கள் வாக்கு.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க விரித்த பரமபதப் படம், நற்குணத்தின் பயனை ஏணியிலும் தீக்குணத்தின் பயனைப் பாம்பிலும் காட்டியது. 1990-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 3.0-உடன் சாலிடேர் சீட்டாட்டத்தைச் சேர்த்துத் தந்தது. மவுஸைத் தொட்டே பார்த்திராதவர்கள், சீட்டைப் பிடித்து இழுத்து இன்னொரு சீட்டின்மேல் வைத்து வைத்தே, பயிற்சி என்று அறியாமல் அதில் கைதேர்ந்தார்கள்.

இன்று மொழி கற்பிக்கும் டியோலிங்கோ செயலியில் நாள் தவறாமல் படித்த தொடர்க்கணக்கு இருக்கிறது. அரசு ஊழியர்களுக்கான ஐகாட் கர்மயோகி தளத்தில் பாடம் முடித்தால் கர்ம புள்ளி கிடைக்கிறது. புள்ளி தூண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் தாமாகவே விருப்பம் கொண்டிருந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள்; பிற்பாடு, பரிசுப் பேச்சே இல்லாத நேரத்தில், அப்பிரிவினர் மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே வரைந்தார்கள்.

நம் டெல்டாவிலேயே ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். இணையவழிப் பயிற்சியில் வீடியோ, வினாடி வினா, மாதந்தோறும் முன்னிலைப் பட்டியல் என்று எல்லாம் வைத்தார்கள். பணி ஓய்வை நெருங்கிய மூத்த எழுத்தர் ஒருவரே எப்போதும் முதலிடம். இளைஞர்களுக்குப் பொறாமை, அதிகாரிக்குப் பெருமை. விழா எடுத்து, மாலை போட்டு, எவர்சில்வர் குடமும் கொடுத்தார்கள். அதிகாரி ஒலிபெருக்கியை அவரிடம் நீட்டி, “கடவுச்சொல் பாதுகாப்புப் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கிறீர்களே, அதில் கற்ற ஒன்றை இவர்களுக்குச் சொல்லுங்கள்” என்றார். எழுத்தர் குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, “அதை என் மகளிடம்தான் கேட்க வேண்டும் ஐயா, கடவுச்சொல்லும் அவளிடம்தான் இருக்கிறது” என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள், அன்று அந்த மண்டபமும் சிரித்தது. அவர் மகளிடம் ஏன் கொடுத்தார் என்று எவரும் கேட்கவில்லை. பாடம் ஆங்கிலத்தில் இருந்தது, பகலெல்லாம் வேலை, படிக்கக் கிடைத்த நேரம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஆடுகிற மாட்டை ஆடிக் கறக்கலாம்தான், ஆனால் அதையும் கறக்கிற வேளையில் அல்லவா கறக்க வேண்டும்!

ஆகவே பயிற்சி வேலை நேரத்துக்குள், தமிழில் நடக்க வேண்டும் என்று சில காலமாகக் கேட்டுவருகிறேன். அது எப்படிப்பட்ட ஆட்டமாக இருக்கலாம் என்பதற்கு நெல் கொள்முதல் நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். ஈரப்பத வரம்பு 17 சதவீதம், திரையில் வரும் நெல் 18 காட்டுகிறது, மேகம் கருக்கிறது, களத்தில் இடமில்லை, விவசாயி கெஞ்சுகிறார். திருப்பி அனுப்பினால் நெல் மழையில் முளைவிடும். வாங்கினால் சிப்பம் கிடங்கில் சூடேறும். மேலதிகாரிக்குத் தெரிவித்துவிட்டுக் காத்திருந்தால் வரிசை நீளும். ஒவ்வொரு முடிவின் விளைவையும் அடுத்த திரை காட்டட்டும். தவறினால் சம்பளப் பிடித்தமில்லை, மறுபடி ஆடலாம். பதக்கமே இல்லாவிட்டாலும் நம் எழுத்தர்கள் இதை விட்டு எழமாட்டார்கள்.

செலவைப் பற்றிய மூன்றாம் பகுதியைத் தொடங்குமுன்பே தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். அதை மற்றொரு மேடைக்கு வைத்துக்கொள்கிறேன். பயிற்சி நேரத்தைப் பணி நேரமாகக் கணக்கிடக் கோரும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. பெயருடன் பணிபுரியும் ஊரையும் எழுதிக் கையொப்பமிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.