"அம்மா, என் சாக்ஸ் எங்கே?"

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

காலை ஏழரை மணிக்கு நம் வேலூரில், காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ ஒரு தெருவில் நடந்து பாருங்கள். ஏதாவது ஒரு வீட்டில் சாக்ஸ் காணாமல் போயிருக்கும், இல்லையென்றால் டைரி. ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கும். "எத்தனை தடவை சொல்றது?" என்று அம்மா கத்துவார்.

அந்தப் பிள்ளைக்குத் திமிரும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. திட்டமிடுவது, சொன்னதை மனதில் வைத்திருப்பது, ஒன்றை முடித்து அடுத்ததற்குப் போவது ஆகிய வேலைகளைப் பார்ப்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதி. மூளையிலேயே கடைசியாக முதிர்வது அதுதான். இருபது வயது தாண்டியும் அது வளர்கிறது. "பல் தேய், தலை சீவு, டைரில கையெழுத்து வாங்கு, தண்ணி பாட்டில எடு" என்று நான்கையும் ஒரே மூச்சில் சொன்னால், பல் தேய்த்து முடிப்பதற்குள் மற்ற மூன்றும் போய்விடும். ஆகவே ஒன்றைச் சொல்லுங்கள், அது முடிந்ததும் அடுத்ததைச் சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு விடியற்காலையில் வேன் பிடிக்கும் அம்மாக்களுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது? அதனால்தான் வேலையை முந்தின இரவுக்கு மாற்றச் சொல்கிறேன். தனி அறை, மேசை எதுவும் வேண்டாம். வாசல் பக்கச் சுவரில் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் ஓர் ஆணி, கீழே ஓர் அட்டைப்பெட்டி போதும். பை ஆணியில், ஷூ, சாக்ஸ், ஐடி கார்டு பெட்டியில். இடம் மாறவே கூடாது. பாட்டி வீட்டைக் கூட்டும்போதுகூட!

பையைப் பிள்ளைதான் அடுக்க வேண்டும். ஏழாம் வகுப்புப் பையனுக்கும் அம்மாவே அடுக்கித் தருவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து டைம்டேபிளைக் காட்டுங்கள். சில நாள் கழித்து "அடுத்து என்ன கண்ணு?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு சும்மா உட்கார்ந்திருங்கள். அவன் ஒன்றை மறந்துவிட்டுப் போனால் பள்ளிக்கு ஓடாதீர்கள், சாப்பாடு தவிர.

டைம்டேபிள் பார்க்கத் தெரியாத பிள்ளை எல்லாப் புத்தகத்தையும் சுமக்கும். பை, பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது மத்திய அரசின் 2020 பள்ளிப்பைக் கொள்கை. 25 கிலோ பிள்ளைக்கு இரண்டரைக் கிலோ. ஒருநாள் தூக்கிப் பாருங்கள்.

இவ்வளவு செய்தும் மாறாத பிள்ளைகள் சிலர் உண்டு. பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கி, வீட்டிலும் பள்ளியிலும் ஒரே மாதிரி, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையும் மற்றவர்களோடு பழகுவதையும் கெடுத்தால் அது ஏடிஹெச்டி என்னும் கவனக் குறைபாடாக இருக்கலாம். உங்கள் வளர்ப்பு அதற்குக் காரணமில்லை. அடித்தாலும் அது போகாது. பயிற்சியும், தேவைப்பட்டால் மருந்தும் நன்றாக உதவுகின்றன.

டாக்டரிடம் காட்டப் பாகாயம் போங்கள் என்றதும், மனநல மருத்துவமனையாயிற்றே என்று சிலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். அங்கே சிஎம்சி என்னும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. போகும்போது பள்ளி டைரி, நோட்டுகள், ரேங்க் கார்டு எல்லாம் எடுத்துப் போங்கள். வகுப்பில் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று டீச்சரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டர் அதையும் கேட்பார்.

வணக்கம்.