வான் காவின் இரண்டு இரவுகள்

வணக்கம் மக்களே. கிருஷ்ணகிரியில் வீட்டு மாடி அறையில் இருந்து பேசுகிறேன். பின்னால் சுவரில் இரண்டு படங்கள் தெரிகிறதா? இரண்டுமே டச்சு ஓவியர் வின்சென்ட் வான் கா வரைந்தவை. வலது பக்கம் இருப்பதை மொபைல் கவரிலும் டீ ஷர்ட்டிலும் பார்த்திருப்பீர்கள். 1889 ஜூனில் வரைந்த ‘விண்மீன்கள் நிறைந்த இரவு’. இடது பக்கம் இருப்பது அதற்கு ஒன்பது மாதம் முன்னால், 1888 செப்டம்பரில், பிரான்ஸில் ஆர்ல் ஊரில் ரோன் ஆற்றங்கரையில் வரைந்தது. அசல் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு, 92 சென்டிமீட்டர் அகலம். அதனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவ்வளவு பொருத்தம்.

எனக்கு ரோன் படம்தான் உயிர்.

கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன், தண்ணீரை மட்டும் பாருங்கள். கரையில் எரியும் கேஸ் விளக்குகளின் வெளிச்சம் ஆற்றில் நீளமாக இறங்குகிறது. ஆனால் அவர் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுக்கவில்லை. குட்டிக் குட்டியாகப் படுக்கைக் கோடுகள், மஞ்சள், ஆரஞ்சு, ஒன்றின் கீழ் ஒன்று. இருட்டிய பிறகு நம்ம கே.ஆர்.பி. டேம் பக்கம் நின்று எதிர்க்கரை விளக்கைப் பாருங்கள், இதேதான். ஒவ்வொரு சிற்றலையும் சாய்ந்து சாய்ந்து ஒரு துண்டு வெளிச்சத்தை நம் பக்கம் திருப்பிவிடும். அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்திருக்கிறார் மனுஷன். இதை இரவிலேயே, கேஸ் விளக்கு வெளிச்சத்தில் வரைந்ததாகத் தம்பி தியோவுக்கு எழுதியிருக்கிறார்.

அப்படிக் கண்ணால் பார்த்து வரைந்தவர் வானத்தில் மட்டும் கை வைத்துவிட்டார். அவர் நின்ற கரையில் இருந்து பார்ப்பது தென்மேற்கு. சப்தரிஷி மண்டலமோ வடக்கே இருப்பது. அதைத் தூக்கிக்கொண்டுவந்து ஆற்றுக்கு மேலே வைத்துவிட்டார்! எனக்கு அதில் குறையே தெரியவில்லை. அந்த ஏழு நட்சத்திரம் இல்லாவிட்டால் மேல்பாதி வெறும் நீலம்தான்.

சரி, வலது பக்கத்துக்கு வருவோம். இதை வரைந்தபோது அவர் சான் ரெமியில் மனநலக் காப்பகத்தில் இருந்தார். கம்பி போட்ட கிழக்கு ஜன்னல் வழியே விடிவதற்கு முன் பார்த்த வானம், ஆனால் படமாக்கியது பகலில், மனதில் இருந்து. கீழே தெரியும் கிராமம் அந்த ஜன்னலில் தெரியாது, அவராகச் சேர்த்தது. இடது பக்கம் கருமையாக உயர்ந்து நிற்கும் சைப்ரஸ் மரத்துக்கு வலப்புறம் பளிச்சென்று வெள்ளையாக இருப்பது வெள்ளி கிரகம். அது மட்டும் நிஜமாகவே அப்போது விடியற்காலை வானில் இருந்தது. உலகமே கொண்டாடும் இந்தப் படத்தில் அவருக்கு அவ்வளவு திருப்தி இல்லை என்பதை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

சுழலும் வானம் பிரமாதம், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கிராமத்துத் தெருவில் ஒரு ஆள்கூட இல்லை. ரோன் படத்தில் வலது கீழ் மூலையைப் பாருங்கள். ஒரு ஜோடி, கைகோத்துக்கொண்டு, ஆற்றுக்கு முதுகைக் காட்டி நடந்து வருகிறது.

ஒன்று செய்து பாருங்கள். பாரிஸ் ஓர்சே மியூசியத்தின் இணையதளத்தில் ரோன் படமும், நியூயார்க் மோமா மியூசியத்தின் இணையதளத்தில் ‘விண்மீன்கள் நிறைந்த இரவு’ படமும் இருக்கின்றன. மொபைலில் எடுத்து, முதலில் சைப்ரஸ் மரத்தை விரலால் மறையுங்கள். அப்புறம் அந்த ஜோடியை மறையுங்கள். மரம் போனாலும் வானம் தாங்குகிறது. ஜோடி போனால் எனக்கு ரோன் படமே போய்விடுகிறது. உங்களுக்கு எப்படி என்று சொல்லுங்கள்.