மரணக் கிணறும் ஒரு திருட்டும்

நேயர்களுக்கு வணக்கம். 1951-ல் வந்த 'தேர் இஸ் அனதர் சன்' என்ற பிரிட்டிஷ் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இயக்கியவர் லூயிஸ் கில்பர்ட். பிற்பாடு மூன்று ஜேம்ஸ் பாண்ட் படங்களை எடுத்தாரே, அவரேதான். அமெரிக்காவில் இந்தப் படம் 'வால் ஆஃப் டெத்' என்ற பெயரில் ஓடியது. நம் ஊர்ப் பொருட்காட்சியில் 'மரணக் கிணறு' என்று போர்டு வைத்திருப்பார்களே, அந்த வித்தைக்கு ஆங்கிலப் பெயர்தான் அது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊர் ஊராகப் போகிற கார்னிவல். அங்கே மரணக் கிணற்றில் பைக் ஓட்டுகிறான் ரேசர். அந்த வேடத்தில் மேக்ஸ்வெல் ரீட். முன்பு ஸ்பீட்வே என்ற மண்பாதை பைக் பந்தயத்தில் ஓட்டினவன். திரும்பவும் அங்கே போய்விடத் துடிக்கிறான், அதற்குப் பணம் வேண்டும். அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடும் இளம் குத்துச்சண்டைக்காரனாக லாரன்ஸ் ஹார்வி. பணத்துக்கு அவசரப்படுகிறவன் கை எங்கே நீளும்? அதைப் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கதை பழசுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்பீட்வே ஓட்டினவனை மரணக் கிணற்றில் இறக்கியது சாதாரண யோசனை இல்லை. அது ஏன் என்று விளங்க இரண்டு தொழிலும் தெரிய வேண்டும்.

ஸ்பீட்வே பிரிட்டனில் சூடுபிடித்தது 1928-ல். நீள்வட்ட மண் பாதை, 4 பேர், 4 சுற்று. பைக்கில் பிரேக் கிடையாது, ஒரே கியர். வளைவு வந்ததும் ஓட்டுகிறவன் வேண்டுமென்றே பின்சக்கரத்தைச் சறுக்க விடுவான். ஹேண்டில்பாரை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடிப்பான். சறுக்கத் தெரிந்தவனுக்குத்தான் அங்கே பிழைப்பு.

மரணக் கிணற்றில் அப்படியே தலைகீழ். சக்கரம் கொஞ்சம் சறுக்கினாலும் ஆள் கீழே. பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, வெளிப்பக்கம் இரும்புக் கம்பி வடத்தால் இறுக்கிக் கட்டிய பெரிய பீப்பாய் அது. விட்டம் சுமார் 30 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள், உயரம் 15 அடிக்கு மேல். அடியில் சாய்வான மரப்பாதை உண்டு. முதலில் தரையில் ஒரு சுற்று, பிறகு சாய்வில், வேகம் பிடித்ததும் சுவரில். மணிக்கு 50 கிலோமீட்டரில் போனால் ஒரு சுற்றுக்கு இரண்டே விநாடி. அப்போது 60 கிலோ ஆள் 200 கிலோவுக்கு மேல் கனப்பான். கழுத்து வலிக்கும், கண் இருட்டும். எதிர்ச்சுவரையோ மேலே நிற்கும் கூட்டத்தையோ பார்த்தால் தலை சுற்றும். முன்சக்கரத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் பலகையை மட்டும் பார்க்க வேண்டும்.

இதைத் திரும்பச் சொல்கிறேன், முக்கியம். ஆளைப் பிடித்து வைத்திருப்பது டயருக்கும் பலகைக்கும் உள்ள பிடிப்பு. வேகம்தான் அவனைச் சுவரோடு அழுத்துகிறது. விழாமல் தாங்குவது அந்தப் பிடிப்பு. டயரும் பலகையும் நன்றாக இருந்தாலும் மணிக்கு 30 கிலோமீட்டருக்குக் கீழே வேகம் குறைந்தால் கதை முடிந்தது. பலகையில் ஒரு சொட்டு எண்ணெய், ராத்திரிப் பனி, டயரில் பஞ்சர், இதில் எது வந்தாலும் ஆபத்து. ஆளின் எடை மட்டும் கணக்கில் வராது. எடை கூடினால் அழுத்தமும் அதே அளவு கூடும். அதனால்தான் இங்கிலாந்தில் சவுத்எண்ட் ஊரின் குர்சால் என்ற பொழுதுபோக்குப் பூங்காவில் டொர்னேடோ ஸ்மித் என்ற மரணக் கிணற்று வீரர் ஒரு பெண்சிங்கத்தையும் ஏற்றிக்கொண்டு சுற்ற முடிந்தது!

இன்னொன்று, கார்புரேட்டர். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற பாகம். எனக்கு மிகவும் பிடித்த விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள். பைக் படுத்துக்கொண்டு ஓடுகிறது, பெட்ரோல் ஏன் கொட்டவில்லை? பஸ் வளைவில் வேகமாகத் திரும்பும்போது பக்கத்து சீட்காரர் மேல் சாய்கிறோமே, அதே விசைதான். பைக்குக்குக் 'கீழே' என்றால் சுவர்ப்பக்கம். பெட்ரோலும், கார்புரேட்டருக்குள் அதன் மட்டத்தைக் காக்கும் மிதவையும் அந்தப் பக்கமே கனக்கின்றன, மட்டம் மாறுவதில்லை. எஞ்சினைப் பொறுத்தவரை அது நேராகத்தான் நிற்கிறது. உண்மையில் ஓட்டுகிறவனும் முழுக்கப் படுத்த நிலையில் இல்லை, தலை ஏறத்தாழ 15 டிகிரி மேல்நோக்கி இருக்கும். அப்படி இல்லையென்றால் நிலைகுலைந்து விழுவான்.

இறங்குவதுதான் கஷ்டம். ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக மூடக்கூடாது. மெல்லக் குறைத்துக்கொண்டே சாய்வுப்பாதைக்கு வர வேண்டும். மேலே ஏறினாலும் வரம்பு உண்டு. விளிம்புக்குக் கீழே சிவப்புக்கோடு, அதற்கு மேல் பாதுகாப்புக் கம்பி. சக்கரம் அதில் பட்டால் பார்க்க வந்தவர்களுக்கும் சேர்த்து ஆபத்து.

சறுக்கியே பேர் வாங்கினவன் ஒவ்வொரு காட்சியிலும் சறுக்காமல் சுற்ற வேண்டும். ரேசரின் எரிச்சல் எனக்குப் புரிகிறது. ரீட் அந்த எரிச்சலை வசனத்தைவிட முகத்தில் நன்றாகக் காட்டுகிறார்.

நேரம் ஆகிவிட்டது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். கார்னிவலில் இருக்கும் குத்துச்சண்டைக் கொட்டகையைப் பற்றிப் பேச ஐந்து நிமிஷம் வைத்திருந்தேன், போச்சு. இரண்டு வரி மட்டும். வாசல் மேடையில் வீரர்களை வரிசையாக நிறுத்தி, மேளம் அடித்து, "மூன்று ரவுண்டு தாக்குப்பிடித்தால் பணம்" என்று கூட்டத்துக்குச் சவால் விடுவார்கள். கூட்டத்திலிருந்து கை தூக்குகிறவன் பல நேரம் அவர்கள் ஆளாகவே இருப்பான். ஹார்வி வரும் காட்சிகளை அதை நினைவில் வைத்துப் பாருங்கள். வணக்கம்.