பேட்டரியில் கேம் ஆடும்போது

நேயர்களுக்கு வணக்கம். சார்ஜரைச் செருகி வைத்து ஆடும்வரை வெண்ணெய் மாதிரி ஓடுகிற கேம், வயரைப் பிடுங்கியதும் திக்கித் திணறும். லேப்டாப் பழுதாகிவிட்டதோ என்று பலரும் பயப்படுவார்கள். பழுதெல்லாம் இல்லை, மின்சாரக் கணக்குதான் மாறிவிட்டது.

கேமிங் லேப்டாப்பின் சார்ஜர் 200 வாட், சிலவற்றில் 300 வாட்டுக்கு மேலும் தரும். பேட்டரியோ பெரும்பாலும் 100 வாட்-ஹவருக்குள்தான் இருக்கும், அதாவது 100 வாட்டை ஒரு மணி நேரம் தரும் அளவுக்குள். அதற்கு மேல் போனால் விமானத்தில் கொண்டுபோக விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும் என்பதால், தயாரிப்பாளர்கள் 99-ஓடு நிறுத்திக்கொள்கிறார்கள். அத்தனை வாட்டையும் ஒரே வேகத்தில் உறிஞ்சினால் பேட்டரி சூடேறிக் கெடும். அதனால் பேட்டரிக்கு மாறியதும் கிராபிக்ஸ் சிப்புக்குப் போகும் மின்சாரத்தை லேப்டாப் தானாகவே குறைத்துவிடும். விண்டோஸில் பவர் மோடை ‘பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ என்று மாற்றினாலும் அந்த வரம்பு அசையாது. மற்றபடி அந்த மோடை வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் ‘எனர்ஜி சேவர்’ ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். சார்ஜ் குறைந்ததும் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துவிடும்.

சரி, என்னதான் செய்வது? என்னைக் கேட்டால், முதலில் கைவைக்க வேண்டியது ஃபிரேம் ரேட்டில், அதாவது சிப் நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்பதில். ஒரு கேமின் மெனு திரையைக் கவனியுங்கள். அங்கே எதுவும் நடக்காது, ஆனால் ஃபேன் மட்டும் இரையும். வரம்பு வைக்காததால், அசையாத அந்தப் படத்தையே நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை வரைந்து தள்ளுகிறது சிப். அத்தனையும் வீண் செலவு. கேமின் செட்டிங்ஸிலோ கிராபிக்ஸ் டிரைவரிலோ 60 என்று வரம்பு வையுங்கள். கனமான கேம் என்றால் 40.

40 குறைவாயிற்றே என்று தோன்றலாம். 30 ஃபிரேமில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 33 மில்லிசெகண்ட், 60-ல் சுமார் 17, 40-ல் 25. அதாவது நேரக் கணக்கில் 40 இரண்டுக்கும் சரிபாதி. திரை 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 தடவை புதுப்பிப்பது என்றால் 40 அதில் மூன்று மடங்காக மிச்சமில்லாமல் பொருந்தும். 70-க்கும் 35-க்கும் இடையே குதிப்பதைவிட, ஒரே சீராக வரும் 40 கண்ணுக்கு எவ்வளவோ மேல். என்விடியா சிப் உள்ள சில லேப்டாப்களில் ‘பேட்டரி பூஸ்ட்’ என்ற வசதியே ஃபிரேமை 30-ல் பூட்டி வைத்திருக்கும். கேம் 30-ஐத் தாண்டவே மாட்டேன் என்றால் அதை அணைத்துப் பாருங்கள்.

விண்டோஸின் பழைய பவர் ஆப்ஷன்ஸில் பிராசஸரின் உச்ச அளவை 100-லிருந்து 99 சதவீதமாக்கினால், பல லேப்டாப்களில் டர்போ வேகம், அதாவது பிராசஸர் தன் வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓடுவது, நின்றுபோகும். அதில் மிஞ்சும் மின்சாரம் கிராபிக்ஸுக்கு உதவும். ஆனால் பிராசஸரையே நம்பி ஓடும் ஸ்ட்ராடஜி கேம்களில் இது காலை வாரிவிடும். புது மாடல்கள் சிலவற்றில் அந்த அமைப்பே கண்ணில் படாது.

அப்புறம் நிழல்களின் தரத்தை ஒரு படி இறக்குங்கள், டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் (சிறிதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வசதிகள்) இருந்தால் போடுங்கள். திரை வெளிச்சத்தைக் குறைப்பதில் மிச்சமாவது சில வாட்தான்.

கணக்கு எளிது. 90 வாட்-ஹவர் பேட்டரியில் 90 வாட் இழுத்தால் ஒரு மணி நேரம், 45 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரம். கையில் 65 வாட் டைப்-சி சார்ஜர் இருந்தால் அதையும் செருகிக்கொள்ளலாம், லேப்டாப் ஏற்றுக்கொண்டால். கேம் 90 வாட் கேட்டால், மீதி 25 மட்டும்தான் பேட்டரியிலிருந்து போகும். நன்றி, வணக்கம்.