பென்சில் நுழையுதா? அப்போ எலியும் நுழையும்! குளிர்காலத்துல வீட்டுக்குள்ள வர்ற அழையா விருந்தாளிகள்

[காட்சி: வெளிச்சுவரின் அடிப்பகுதி. குழாய் ஒன்று சுவருக்குள் போகும் இடம். அதன் ஓரத்து இடைவெளியில் ஒரு பென்சில் மெதுவாக நுழைகிறது.]

இந்தப் பென்சில் எவ்வளவு தடிமன் இருக்கும்? ஆறு, ஏழு மில்லிமீட்டர். உங்க வீட்டு வெளிச்சுவர்ல இது நுழையுற மாதிரி ஒரே ஒரு ஓட்டை இருந்தா போதும், வளர்ந்த சுண்டெலி ஒண்ணு அது வழியா உள்ள வந்துடும். குட்டி இல்லைங்க, நல்லா வளர்ந்தது! தலை நுழைஞ்சா போதும், உடம்பைத் தட்டையாக்கி இழுத்துக்கும்.

அதனால இந்த வீடியோ பார்க்கும்போது கையில ஒரு பென்சில் வெச்சுக்கோங்க. ஏன்னு போகப் போகப் புரியும்.

[காட்சி: பனி படர்ந்த தோட்டம், உள்ளே வெளிச்சத்தோடு ஒரு வீடு.]

குளிர்காலத்துல இதெல்லாம் ஏன் உள்ள வருது? வெளியில குளிர், உள்ள கதகதப்பு. பின்னணி அவ்வளவுதான், பாடம் நடத்தப் போறதில்லை.

ஒரே ஒரு விஷயம் மட்டும் தெரிஞ்சுக்கோங்க. சூடான காற்று மேல ஏறி, கூரைப் பக்கம் இருக்கிற இடுக்கு வழியா வெளியே போகும். அது போன இடத்தை நிரப்ப, கீழ்ப்பக்க இடுக்கு வழியா குளிர்காற்று உள்ள வரும். காத்து அடிக்கிற நாள்ல ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னல் ஓரம், கதவு அடி, குழாய் நுழையுற இடம்னு திரைச்சீலை படாம காட்டிக்கிட்டே போங்க. புகை எங்க வளைஞ்சு ஆடுதோ அங்க இடுக்கு இருக்கு. அதுல காற்று மட்டும்தான் வருதுன்னு யார் சொன்னா?

இப்போ முக்கியமான பிரிவினை. குளிர்காலத்துல உள்ள வர்றவங்க ரெண்டு ரகம். தூங்க வர்றவங்க ஒரு ரகம், குடித்தனம் பண்ண வர்றவங்க இன்னொரு ரகம். இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டு, தூங்குறவன் மேல மருந்தடிக்கிறதும், குடித்தனக்காரனை "பாவம், ஒண்ணுதானே"ன்னு விடுறதும்தான் எல்லா வீட்லயும் நடக்குற தப்பு.

[காட்சி: ஜன்னல் கண்ணாடியில் மந்தமாக ஊர்ந்து போகும் ஈக்கள்.]

முதல்ல தூங்க வர்றவங்க. எனக்கு இவங்கள்ல ரொம்பப் பிடிச்சது கிளஸ்டர் ஈ.

நல்ல குளிர்காலம். திடீர்னு ஒரு நாள் நல்ல வெயில். மதியம் பார்த்தா மாடி ஜன்னல்ல இருபது, முப்பது ஈ. எல்லாம் தூக்கக் கலக்கத்துல தள்ளாடுது. உடனே வீட்ல என்ன பேச்சு வரும்? "பரண்ல ஏதோ செத்துக் கிடக்கு." "குப்பைத் தொட்டியை யார் கழுவல?" வீட்ல இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் திட்டு விழும்.

பாவம், யார் மேலயும் தப்பில்லை. இந்த ஈ குப்பையில வளர்றதே இல்லை. இதோட புழு வளர்றது மண்புழுவுக்குள்ள! ஆமா, சரியாத்தான் கேட்டீங்க. தாய் ஈ மண் இடுக்குல முட்டை போடும். பொரிஞ்சு வர்ற புழு, மண்ணுக்குள்ள மண்புழுவைத் தேடிப் பிடிச்சு, அதோட உடம்புக்குள்ள நுழைஞ்சு, அதைத் தின்னே வளரும். அதாவது உங்க புல்வெளி மண் செழிப்பா இருந்தா இந்த ஈ நிறைய வரலாம். சுத்தமில்லைன்னு திட்டு வாங்குனவருக்கு நியாயமா தோட்டக்காரர் பட்டம் கொடுத்திருக்கணும்.

இலையுதிர் காலத்துலயே இவை வெயில் படுற சுவர்ல ஏறி, கூரை விளிம்பு இடுக்கு வழியா பரணுக்குள்ள போய்ப் படுத்துடும். வெயில் கூரையைச் சூடாக்குனா, வசந்தம் வந்துடுச்சுன்னு நெனச்சு எழுந்து வெளிச்சத்தைப் பார்த்து வரும். சாதாரண ஈயில இருந்து பிரிச்சுப் பார்க்க நெஞ்சுப் பக்கம் பாருங்க, பொன்னிறத்துல சின்ன ரோமம் இருக்கும். இதுக்கு வாக்குவம் கிளீனர் போதும். வீட்டுக்குள்ள முட்டை போட்டுப் பெருகவும் முடியாது, ஏன்னா உங்க வரவேற்பறையில மண்புழு இல்லை. இருந்தா அது வேற வீடியோ.

[காட்சி: திரைச்சீலையில் கேடய வடிவப் பழுப்பு நாற்றப்பூச்சி.]

அடுத்து நாற்றப்பூச்சி. கிழக்காசியாவைச் சேர்ந்தது, 1990-கள்ல அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்து, இப்போ ஐரோப்பாவுலயும் பரவியிருக்கு. நசுக்கவே நசுக்காதீங்க. அது விடுற நாற்றத்துல டெசினால்னு ஒரு ஆல்டிஹைடு இருக்கு. கொத்தமல்லித் தழை வாசனையிலயும் அதே பொருள் இருக்கு! கொத்தமல்லி பிடிக்காதவங்க "பூச்சி நாத்தம் அடிக்குது"ன்னு சொன்னா இனிமே சிரிக்காதீங்க, வேதியியல் அவங்க பக்கம்.

பிடிக்கிறது சுலபம். அகல வாய் டப்பாவுல ரெண்டு மூணு சென்டிமீட்டர் தண்ணி, பாத்திரம் கழுவுற திரவம் சில சொட்டு. பூச்சிக்குக் கீழ டப்பாவைப் பிடிச்சு, மேல லேசா ஒரு அட்டையால தொடுங்க. பயந்தா இது கீழ விழுற ஜாதி, நேரா டப்பாவுக்குள்ள விழும். சோப்பு இல்லாத தண்ணின்னா மிதந்து ஏறி வந்துடும். சோப்பு தண்ணியோட மேற்பரப்பு இழுவிசையைக் குறைச்சிடும், அதனால மூழ்கிடும். நிறைய இருந்து வாக்குவம்ல இழுக்கணும்னா, குழாய் வாய்க்குள்ள ஒரு பழைய நைலான் சாக்ஸைச் செருகி, விளிம்பை வெளிப்பக்கமா மடிச்சு ரப்பர் பேண்ட் போடுங்க. பூச்சி சாக்ஸோட நின்னுடும். இல்லைன்னா நாற்றம் பையில ஏறி, அடுத்த தடவை சுத்தம் பண்ணும்போது வீடு முழுக்கப் பரவும்.

பொறிவண்டும் கூட்டமா வரும். தலைக்குப் பின்னாடி வெள்ளைப் பட்டையில ஆங்கில எம் மாதிரி கறுப்புக் குறி இருந்தா அது ஆசியப் பல்வண்ணப் பொறிவண்டு. பயந்தா கால் மூட்டுல இருந்து மஞ்சளா சொந்த ரத்தத்தையே கசிய விடும், அந்தக் கறை சுவர்லயும் துணியிலயும் நிக்கும். அதனால துடைப்பம் வேண்டாம்.

இந்த மூணு பேருக்கும் பொதுவா ஒண்ணு: சுவர் இடுக்குக்குள்ள பூச்சி மருந்து அடிக்காதீங்க. உள்ள நூத்துக்கணக்குல செத்துக் குவியும். அந்தக் குவியலைத் தின்ன கம்பள வண்டோட புழு வரும். குவியல் தீர்ந்ததும் அது எங்க போகும்? உங்க கம்பளித் துணி அலமாரிக்கு. ஒரு தொல்லையை விரட்ட இன்னொண்ணை வெத்தலை பாக்கு வெச்சு அழைச்ச கதைதான்.

வெளிப்பக்க இடுக்கை அடைக்கிறதுக்குக் கோடை முடியுற நேரம்தான் சரி. நடுக்குளிர்ல அடைச்சா, உள்ள படுத்திருக்கிறது எழுந்ததும் வெளிய போக வழியில்லாம அறைக்குள்ள வரும். இப்போ உள்ள பூச்சி இருந்தா உள்பக்க இடுக்கை மட்டும் அடைங்க: ஜன்னல் சட்டத்தைச் சுற்றி, விளக்கு பொருத்துன இடம், பரண் மூடி.

சிலந்தி? அது பெரும்பாலும் வருஷம் முழுக்க உங்க வீட்லயேதான் இருக்கு, இலையுதிர் காலத்துல ஆண் சிலந்தி துணை தேடி வெளிய நடக்குறதால கண்ணுல படுது.

[காட்சி: இருட்டு. டார்ச் வெளிச்சம். சமையலறை அலமாரிக்கு அடியில் எலிப்புழுக்கை.]

இப்போ குடித்தனக்காரர். சுண்டெலி.

கர்ப்பகாலம் 19-ல இருந்து 21 நாள். ஒரு ஈத்துக்கு அஞ்சாறு குட்டி சாதாரணம். அந்தக் குட்டி ஆறு வாரத்துல தாயாகத் தயார். நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க, எனக்குப் பயமா இருக்கு.

முதல்ல புழுக்கையைப் பாருங்க. அரிசி மாதிரி, முனை கூரா, 3-ல இருந்து 6 மில்லிமீட்டர்னா சுண்டெலி. ஒண்ணரை சென்டிமீட்டர் அளவுக்குப் பெருசுன்னா பெரிய எலி. இது ஏன் முக்கியம்னா ரெண்டுக்கும் குணம் நேர் எதிர். சுண்டெலி புதுசா எதை வெச்சாலும் வந்து மோந்து பார்க்கும். பெரிய எலி புதுப் பொருளைக் கண்டா நாள்கணக்குல ஒதுங்கிப் போகும். அதனால பெரிய எலிக்குப் பெரிய பொறி வாங்கி, இரை மட்டும் வெச்சு, ஸ்பிரிங்கை ஏத்தாம சில நாள் விடுங்க. பயமில்லாம தின்ன ஆரம்பிச்சதும் ஏத்துங்க. சுண்டெலிக்கு முதல் ராத்திரியே ஏத்திடலாம். ஒரு நாளைக்கு ஒரே சுண்டெலி அம்பது புழுக்கைக்கு மேல போடும், அதனால எண்ணிப் பார்த்து மயக்கம் போட வேண்டாம்.

"பொறி வெச்சேன், மாட்டவே இல்லை"ன்னு சொல்றவங்க பெரும்பாலும் நாலு தப்புல ஒண்ணைப் பண்ணியிருப்பாங்க.

ஒண்ணு, அறை நடுவுல வெச்சிருப்பாங்க. எலி மீசையால சுவரைத் தடவிக்கிட்டே ஓரமா ஓடுற பிராணி. பொறி சுவருக்குச் செங்குத்தா இருக்கணும், இரை வைக்கிற தகடு சுவரை ஒட்டி இருக்கணும். சுவருக்கு இணையா வெச்சா, ஸ்பிரிங் பக்கத்துல இருந்து வர்ற எலி அதைத் தட்டிவிட்டுத் தப்பிச்சிடும். இணையாத்தான் வைக்க முடியும்னா ரெண்டு பொறியை எதிரெதிர் திசை பார்க்க வைங்க.

ரெண்டு, இரை அதிகம். வேர்க்கடலை வெண்ணெய் பட்டாணி அளவு, அதுக்கும் கொஞ்சம் குறைச்சலா இருந்தாலும் சரி. தகட்டுக்குள்ள அழுத்தித் தேய்ச்சுடுங்க. கட்டியா வெச்சா மேலாக நக்கிட்டுப் போய்டும், தகடு அசையவே அசையாது. பாலாடைக்கட்டி வைக்கிறது கார்ட்டூன்ல மட்டும் வேலை செய்யும்னு நினைக்கிறேன். சாப்பாடு தாராளமா கிடைக்கிற வீட்ல இரையைச் சீண்டாதுன்னா, தகட்டுல கொஞ்சம் பஞ்சு, நூல் கட்டுங்க. கூடு கட்டுற எலி அதை இழுக்கும், பொறி விழும்.

மூணு, ஒரே பொறி. ஒரு எலிதான்னு நெனச்சாலும் ஆறு வைங்க. சுண்டெலி கூட்டைச் சுற்றி பத்து மீட்டருக்குள்ளதான் பெரும்பாலும் நடமாடும். அதனால புழுக்கை கிடக்கிற இடத்துல ரெண்டு மீட்டருக்கு ஒண்ணுன்னு நெருக்கமா வைங்க. மூணு நாள்ல மாட்டலைன்னா இடத்தை மாத்துங்க.

நாலு, உள்ள பொறி, வெளிய ஓட்டை திறந்தே கிடக்கும். ஒண்ணு பிடிச்சா இன்னொண்ணு வரும்.

[காட்சி: மறுபடியும் பென்சில். வீட்டைச் சுற்றி நடக்கும் கால்கள்.]

பென்சிலை எடுங்க. வெளிச்சுவரைச் சுற்றி முட்டி உயரத்துல ஒரு சுற்று. தண்ணிக் குழாய், கேஸ் குழாய், ஏசி குழாய், மின்கம்பி உள்ள போற இடம் எல்லாம் பாருங்க. கராஜ் கதவு ரப்பரோட ரெண்டு மூலையும் பாருங்க, அங்கதான் முதல்ல தேயும். உள்ள விளக்கை அணைச்சுட்டு வாசல் கதவுக்கு அடியில வெளிச்சம் தெரிஞ்சா, அடிப்பட்டை மாத்தணும்.

அடைக்கிறதுக்கு ஃபோம் மட்டும் அடிச்சா அது எலிக்குப் பஞ்சு மிட்டாய். ஒரே ராத்திரியில கடிச்சு வழி போட்டுடும். முதல்ல ஸ்டீல் கம்பிநாரை இறுக்கித் திணிங்க, விரலால இழுத்தா வரக் கூடாது. அதுக்கு மேல சீலன்ட் பூசுங்க. வெளிப்பக்கத்துக்குத் துருப்பிடிக்காத நார் இல்லைன்னா செம்பு வலை, சாதாரணக் கம்பிநார் ஈரத்துல துருவாகி உதிர்ந்துடும். பெரிய ஓட்டைக்கு 6 மில்லிமீட்டர் கண் உள்ள கம்பி வலையைத் திருகி, சிமெண்ட் வைங்க.

இதைக் கவனமாக் கேளுங்க. ஹீட்டர், பாய்லரோட புகைக்குழாயையும் அதுக்குக் காற்று போற வழியையும் எக்காரணம் கொண்டும் அடைக்காதீங்க. கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாம ஆளைக் கொன்னுடும். செங்கல் சுவரோட அடியில ஈரம் வடிய விட்டிருக்கிற துளைகளையும் சிமெண்டால மூட வேண்டாம், வலை மட்டும் செருகுங்க.

எலி விஷம் வேண்டாம்னுதான் சொல்வேன். ரத்தம் உறைய விடாத வகை விஷம் தின்ன எலி சாகச் சில நாள் ஆகும், அதுக்குள்ள சுவருக்குள்ள போய்ப் படுத்துடும். அந்த நாத்தத்துக்குச் சுவரை உடைக்கிறதைத் தவிர வழியில்லை. எலியைத் தின்ன பூனை, ஆந்தைக்கும் விஷம் ஏறும். ஏற்கெனவே வெச்சிருந்தா பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீங்க. நாய் தின்னுட்டா மருத்துவர்கிட்ட அதைக் காட்டணும். ஒரு வகைக்கு வைட்டமின் கே மாற்று மருந்து, இன்னொரு வகைக்கு மாற்று மருந்தே கிடையாது.

பிளக்ல சொருகுற மீயொலிக் கருவியா? அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2001-லயே இந்த வியாபாரத்துல இருந்த 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, அறிவியல் ஆதாரம் இல்லாம விளம்பரம் பண்ணாதீங்கன்னு எச்சரிக்கைக் கடிதம் அனுப்புச்சு. வாங்கியிருந்தா இரவு விளக்கா வெச்சுக்கோங்க.

புழுக்கையைச் சுத்தம் பண்றப்போ பெருக்காதீங்க, வாக்குவமும் கூடாது. தூசியோட நோய்க்கிருமி மூக்குக்குள்ள போகும், ஹான்டா வைரஸ் பரவுறது அப்படித்தான். அரை மணி நேரம் ஜன்னலைத் திறந்து வைங்க. கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச், ஒன்பது பங்கு தண்ணி கலந்து நனைச்சு, அஞ்சு நிமிஷம் ஊற விட்டுக் காகிதத்தால எடுங்க. பிளீச்சோட வேற எந்தச் சுத்திகரிப்பு திரவத்தையும் கலக்காதீங்க.

விறகு எரிக்கிற வீடா? அடுக்கைச் சுவரை ஒட்டி வைக்காம ஆறு மீட்டர் தள்ளி, தரையில படாம வைங்க. அன்னன்னைக்கு எரிக்கிறதை மட்டும் உள்ள கொண்டு வாங்க. கரப்பான்பூச்சி, மூட்டைப்பூச்சி எல்லாம் குளிருக்குப் பயந்து வர்றவை இல்லை, பெட்டியிலயும் பையிலயும் வர்றவை. அதுக்குத் தனி வீடியோ வேணும்னா கமெண்ட்ல கேளுங்க.

[காட்சி: சுவர் ஓரம் மெல்லியதாகத் தூவிய பவுடர். அதில் சின்னக் கால்தடம், நடுவில் ஒரு வால் கோடு.]

ரெண்டு வாரம் எதுவும் மாட்டலையா? பொறியை எடுத்துடாதீங்க. ராத்திரி சுவர் ஓரம் முகப் பவுடரை மெல்லிசாத் தூவி வைங்க. காலையில டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க. தடம் எதுவும் இல்லைன்னா பவுடரைத் துடைச்சுட்டு ரெண்டு பொறியை மட்டும் விட்டு வைங்க. குட்டிக் குட்டித் தடமும் நடுவுல ஒரு வால் கோடும் இருந்தா, பென்சிலை எடுத்துக்கிட்டு இன்னொரு சுற்று. எத்தனை ஓட்டை கிடைச்சுதுன்னு கமெண்ட்ல எண்ணிக்கை போடுங்க.