பனிப் பயணம் முடிந்ததும் ஒரு கடிதம்: எழுதுவது நீங்கள், காசு நண்பருடையது

[காட்சி: பனி மூடிய சாலையில் நான்கு குதிரை பூட்டிய கோச் வண்டி]

ஆண்டு 1812. லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு, ஏறக்குறைய 400 மைல், குளிரில் வந்து இறங்கியாயிற்று. லண்டன் நண்பருக்குத் தகவல் சொல்ல வேண்டும். ஆனால் தபால் செலவு வழக்கமாகப் பெறுபவர் தலையில்தான். 300 மைல் தாண்டினால் ஒற்றைத் தாளுக்கே 13 பென்ஸ். இரண்டு தாள் என்றால் இரட்டிப்பு. உறை போட்டால் அதுவும் ஒரு தாள் கணக்கு! ஆகவே உறை கிடையாது.

[காட்சி: மைக்கூடு]

மை என்பது மாசிக்காய் ஊறவைத்த சாறு, அன்னபேதி என்ற இரும்பு உப்பு, பிசின். மூன்றும் நம் நாட்டு மருந்துக் கடைச் சரக்குகள்தான். அன்னபேதி கூடிப்போனால் காலப்போக்கில் எழுத்தே தாளை அரித்துவிடும். கணப்பில்லாத அறையில் மை உறைந்துபோகும். நெருப்பருகே வைத்து இளக்க வேண்டும். எழுதும்போது வெளிறித் தெரிந்தால் மேலே மறுபடி எழுதாதீர்கள். காற்றுப் பட்டதும் தானே கறுக்கும்.

வாத்திறகு முனை மழுங்க மழுங்கக் கத்தியால் சீவ வேண்டும். எழுத்து தடித்தால் இடம் வீணாகும்.

[காட்சி: தாள் மடிப்பு, மேலிருந்து]

பெரிய தாளை நடுவே மடித்தால் நான்கு பக்கம். மூன்று பக்கம் செய்திக்கு. நான்காவதில் நடுப்பட்டை முகவரிக்கு. அதன் மேலும் கீழும் இன்னும் கொஞ்சம் எழுதலாம். மூன்றாம் பக்க ஓரத்தில் முத்திரை விழும் இடத்தை மட்டும் வெறுமையாக விடுங்கள். பிரிக்கும்போது கிழிவது அங்கேதான். அங்கே எழுதிய சொற்களும் அதோடு போகும்.

இடம் போதவில்லையா? தாளைக் கால்வட்டம் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக எழுதுங்கள். முதல் வரிகளை நெருக்காமல் எழுதியிருந்தால்தான் படிக்க முடியும். நண்பருக்குக் காசு மிச்சம், கண்ணுக்குத்தான் தண்டனை.

[காட்சி: மெழுகுவத்தி, சிவப்பு அரக்குக் குச்சி]

கடைசியில் முத்திரை. நல்ல முத்திரை மெழுகின் அடிப்படை அரக்கு, இந்தியாவிலிருந்து கப்பலேறியது. அதோடு டர்பன்டைன் பிசின், நிறத்துக்குச் சாதிலிங்கம் என்ற சிவப்புப் பொடி. குச்சியைச் சுடருக்குள் விடாமல் சற்று மேலே பிடித்து உருக்க வேண்டும். உள்ளே விட்டால் கரி ஏறிச் சிவப்பு கறுத்துவிடும்.

1840 ஜனவரி 10 முதல் அரை அவுன்ஸ் வரை எடையுள்ள கடிதத்துக்கு, பிரிட்டன் முழுவதற்கும், ஒரே பென்னி என்றாயிற்று. தாள் கணக்கு ஒழிந்து எடைக் கணக்கு வந்ததால் உறையும் வந்தது. குறுக்கே எழுதும் பழக்கம் மட்டும் அதற்குப் பிறகும் பல காலம் விடவில்லை.